தாமிரபரணியும் கேமராவும்: ஒரு படம் எப்போது சாட்சியாகிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று நெல்லை கொக்கிரகுளத்தில் ஆற்றில் மலர் தூவுகிறோம். கட்சிகளும் இயக்கங்களும் ஒவ்வொன்றாக வரும், முழக்கம் எழுப்பும், மலர் தூவும், கிளம்பும். அன்று மாலைக்குள் நம் கைபேசிகளில் அதே பழைய படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஓங்கிய லத்தி, தண்ணீருக்குள் இறங்கி ஓடும் கூட்டம், கரையில் கிடத்தப்பட்ட உடல்கள். அந்தப் படங்களை யார் எடுத்தார்கள், எந்த இடத்தில் நின்று எடுத்தார்கள், அப்போது மணி என்ன என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. ஒருமுறை வேறு ஏதோ ஊரில் நடந்த தடியடிப் படம் ஒன்று இவற்றோடு கலந்து வந்தது. நாமும் அதைப் பகிர்ந்தோம். ஒரு தம்பி சுட்டிக்காட்டிய பிறகுதான் நீக்கினோம். நம் துயரத்துக்கு நாமே போலி ஆவணம் சேர்த்துக் கொடுத்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் அண்மையில் நம்மிடம் கேட்டார்கள்: "ஆய்வுக்கு வீடியோவும் போட்டோவும் பயன்படுத்தலாம் என்று துறையில் சொல்கிறார்கள். சாதியை எப்படிப் படம் எடுப்பது?" நல்ல கேள்வி. அதற்கு மேலைநாட்டுப் பாடநூலிலிருந்து பதில் தேட வேண்டியதில்லை. நம் ஆற்றங்கரையிலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால், கேமரா முதலில் நம்மிடம் எதற்காக வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நம்மை அளப்பதற்காக வந்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு, தாங்கள் ஆளும் மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் இருந்த ஆங்கிலேய அரசு, 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. நானூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சாதிப் பெயர், கூடவே அந்தச் சாதி விசுவாசமானதா ஆபத்தானதா என்பது போன்ற குறிப்புகள். சென்னை மாகாணத்தில் இந்த வேலையை முன்னெடுத்தவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தவர். காவல்துறையினருக்கும் இந்த அளவீட்டைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர். கே.ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளை இன்றும் நம் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலுள்ள படங்களைப் பாருங்கள். நேராக நிற்கவைத்து ஒன்று, பக்கவாட்டில் திருப்பி ஒன்று. காவல் நிலையத்தில் எடுக்கும் படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிற்பவரின் பெயர் இருக்காது, சாதிப் பெயர் மட்டும் இருக்கும். அவர் ஊர் எது, அன்று அவர் என்ன வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், படம் எடுக்கச் சம்மதித்தாரா என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொருவர் இதே கருவியை நேர் எதிராகத் திருப்பினார். டபிள்யு.இ.பி.டுபாய்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர். 1900-ல் பாரீசில் நடந்த உலகக் கண்காட்சிக்கு, ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் 363 புகைப்படங்களை ஆல்பங்களாகத் தொகுத்துக் கொண்டுபோனார். வழக்கறிஞர், ஆசிரியர், கடைக்காரர், பட்டம் வாங்கிய பெண்கள், சொந்த வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் குடும்பங்கள். கூடவே அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அவரும் மாணவர்களும் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய வரைபடங்கள்: நிலம் எவ்வளவு, எழுத்தறிவு எவ்வளவு, வரி எவ்வளவு கட்டினார்கள் என்று. படத்தையும் புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அவர் செய்த வேலை. படம் மட்டும் இருந்தால் 'யாரோ நாலு பேர் நன்றாக இருக்கிறார்கள்' என்று தள்ளிவிடுவார்கள். எண் மட்டும் இருந்தால் மனிதர் தெரியமாட்டார். காட்சிவழிச் சமூகவியல் என்று இப்போது தனிப் பாடமாகச் சொல்லப்படுவதை, தன் மக்களின் மரியாதைக்காக அவர் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். தர்ஸ்டனின் தொகுதிகள் அச்சானது அதற்கு ஒன்பது ஆண்டு கழித்துத்தான்! 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று தர்ஸ்டனுக்கு வக்காலத்து வாங்குபவர்களுக்கு இது போதும்.

இனி நம் ஆற்றங்கரைக்கு வருவோம்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாயிருந்த காட்டில், 8,300 ஏக்கருக்கும் மேல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேசனுக்கு 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டித் திருத்தியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் சமவெளியிலிருந்தும் கேரளப் பக்கத்திலிருந்தும் மலையேறிய கூலிகள். பெரும்பான்மையோர் தலித்துகள். வீடு கம்பெனி வீடு, வேலை போனால் வீடும் போய்விடும். தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியில் நின்று உழைத்தும் சொந்தமென்று சொல்ல அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. மாஞ்சோலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்கி அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணியில் கலந்துவிடும். அந்த மக்களுக்கு மட்டும் இறங்கி வந்தால் போக்கிடம் இல்லை.

கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்களில் பெண்கள் உட்பட அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய்யவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கோரி, 1999 ஜூலை 23 அன்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க நெல்லையில் ஊர்வலம் போனார்கள். புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி முன்னின்றார், மற்றக் கட்சிகளின் தலைவர்களும் வந்திருந்தார்கள். ஆட்சியர் அலுவலகம் ஆற்றோரத்தில் இருக்கிறது. அலுவலகத்துக்குச் சற்று முன்னால் ஊர்வலம் நிறுத்தப்பட்டது. வாக்குவாதம், பிறகு தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. மக்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். பதினேழு பேர் செத்தார்கள். அவர்களில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை.

இந்தப் படுகொலைக்கும் இதற்கு முந்தைய படுகொலைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது அங்கே கேமரா இல்லை. அந்த இரவைப் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படமாக எடுக்க முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு அவர் பிழைத்தவர்களின் நினைவையும் ஆவணங்களையும்தான் நம்ப வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோதும் அப்படித்தான். கேமராக்கள் பிறகு வந்து உடைந்த பாத்திரங்களையும் கிழிந்த சான்றிதழ்களையும்தான் எடுத்தன. கொக்கிரகுளத்தில் அப்படியில்லை. பட்டப்பகல், நகரத்தின் நடு, ஆட்சியர் அலுவலக வாசல். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திவந்த ஆர்.ஆர்.சீனிவாசன் அந்தக் காட்சிகளைக் கொண்டு உருவாக்கியதுதான் 'நதியின் மரணம்'. ஊர் ஊராக உலக சினிமா திரையிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறு குழுவின் ஆள், தன் ஊர் ஆற்றில் பிணம் மிதந்தபோது வேறு படம் காட்டிக்கொண்டிருக்க முடியாது என்று இறங்கிய கதை அது. போலீஸ் துரத்துவதும், தண்ணீருக்குள் நிற்பவர்கள் மீதும் அடி விழுவதும், கல் எறிவதும் அதில் இருக்கின்றன. நாங்கள் கல்லூரியில் படித்த நாளில் அதை ஒரு நண்பரின் அறையில், கலங்கலான ஒரு சி.டி.யில், சின்ன டி.வி.யில் பார்த்தோம். முடிந்தபிறகு ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் 'மறுபடி போடு, அந்த இடத்தை நிறுத்து' என்றார். எங்கள் காட்சிவழி ஆய்வு அன்றைக்குத் தொடங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். நிறுத்திப் பார்ப்பது. யார் எங்கே நிற்கிறார், எந்தத் திசையில் ஓடுகிறார்கள், தப்பிக்க வழி இருந்ததா, அந்த இடத்தில் ஆற்றின் ஆழம் என்ன, கரை ஓரம் சுவரா படியா. ஒரு வாரம் கழித்து நான்கு பேர் கொக்கிரகுளம் போய் அந்த இடங்களில் நின்று பார்த்தோம். திரையில் பத்தடி போலத் தெரிந்த தூரம் நேரில் வேறாக இருந்தது. கேமரா இடத்தைச் சுருக்கும், நீட்டும். கால் வைத்து நடக்காமல் எந்தக் காட்சியையும் நம்பக் கூடாது என்று அங்கே தெரிந்துகொண்டோம்.

அரசு, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ்.மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பதினேழு பேரில் பதினொருவர் நீரில் மூழ்கி இறந்தார்கள், ஆறு பேர் உடற்காயங்களால் இறந்தார்கள் என்று ஆணையம் பதிவு செய்தது. ஆறு பேர் காயத்தால்! ஆனாலும் காவல்துறை நடவடிக்கை நியாயமானதுதான் என்ற முடிவுக்கே அது வந்தது. உலகமே பார்த்த காட்சி இருக்கும்போது இது எப்படி என்று அப்போது கொதித்தோம். இப்போது நமக்கு அவ்வளவு வியப்பில்லை. படம் தானாகப் பேசும் என்று நினைத்ததுதான் நம் பிழை. படம் தானாகப் பேசாது. அதை யார் எந்த வரிசையில் வைத்து, எந்தக் கேள்வியோடு காட்டுகிறார்களோ, அவர்கள் பேசவைத்ததைத்தான் பேசும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ராட்னி கிங் வழக்கு. 1991 மார்ச் 3 அன்று அந்தக் கறுப்பின மனிதரைப் போலீசார் சுற்றி நின்று அடித்ததை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். உலகம் முழுக்க ஒளிபரப்பானது. வழக்கில் போலீசாரின் வழக்கறிஞர்கள் அந்த வீடியோவை மறைக்கவில்லை. அவர்களே அதை நீதிமன்றத்தில் மெதுவாக ஓடவிட்டார்கள். ஒவ்வொரு நொடியையும் பிரித்து, 'இதோ பாருங்கள், இங்கே அவர் உடம்பு அசைகிறது, எழப் பார்க்கிறார், அதனால் இந்த அடி' என்று விளக்கினார்கள். 1992 ஏப்ரலில் நால்வரும் அந்த நீதிமன்றத்தில் தண்டனையின்றி வெளியே வந்தார்கள். நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு வேறு வழக்கில்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நம் முறை மட்டுமல்ல, அவர்களுடைய முறையும்தான்.

நம் நாட்டில், தாமிரபரணிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அதுவும் ஜூலையில், மும்பை காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகரில் அண்ணல் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டது. நியாயம் கேட்டுத் திரண்ட மக்களில் பத்துப் பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. 1997 ஜூலை 11. கூட்டம் எரிவாயு டேங்கரைக் கொளுத்தப் பார்த்தது, அதனால் சுட வேண்டியதாயிற்று என்று அரசுத் தரப்பு சொன்னது. அதற்கு வீடியோவும் காட்டியது. ஆனந்த் பட்வர்த்தன் பதினான்கு ஆண்டுகள் எடுத்து முடித்த 'ஜெய் பீம் காம்ரேட்' அந்த வீடியோவையே எடுத்துக்கொண்டு, டேங்கர் எங்கே நின்றது, சுட்ட இடம் எது, எது முன்பு எது பின்பு என்று கேள்வி கேட்டது. அதிகாரம் காட்டிய படத்தைத் திருப்பி அதிகாரத்திடமே காட்டியது. மாணவர்கள் அந்தப் பகுதியை ஆய்வுமுறைப் பாடமாகவே பார்க்கலாம். ஒப்பாரியும் பாட்டும் நிறைந்த அந்தப் படத்துக்குள் இவ்வளவு பொறுமையான தடயவியல் இருப்பதை நாங்கள் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தோம்.

ஆகவே காட்சியை ஆவணமாக்குவது கேமராவின் பொத்தான் அல்ல, அதைச் சுற்றி நாம் செய்யும் வேலை. எடுத்தவர் யார், நாள், மணி, நின்ற இடம். வெட்டாத மூலப்பதிவு எங்கே இருக்கிறது. வாட்சப்பில் வந்த நகல் ஆய்வுக்கும் உதவாது, நீதிமன்றத்துக்கும் உதவாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 63-வது பிரிவு. எந்தக் கருவியில் பதிவானது என்பதோடு, கோப்பு மாற்றப்படவில்லை என்பதற்கான ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்கவேண்டும். சட்டம் படிக்காத தோழர்களுக்கு இது தலைவலியாகத் தெரியலாம். ஆனால் ஒரு வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிற முதல் ஆள் பெரும்பாலும் நம் மாணவர்தான். அவர் எடுக்கும் முதல் இருபது நிமிடப் பதிவை அப்படியே, பெயர்கூட மாற்றாமல், இரண்டு இடத்தில் சேமித்துவைத்தால் போதும், பிறகு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமையாக எழுதப்பட்ட இதை எத்தனை இடத்தில் நாம் கேட்டு வாங்கியிருக்கிறோம்? கேமராவை நாம் தூக்குவதற்கு மட்டுமல்ல, அரசைத் தூக்கவைப்பதற்கும் போராட வேண்டியிருக்கிறது.

மறைக்கப்பட்டதைக் காட்ட கேமரா என்ன செய்யும் என்பதற்கு நம் தென்மாவட்டங்களிலிருந்தே வேறு வகைச் சான்றுகள் உண்டு. மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் பெண்ணின் வேலை நாளை அமுதன் ஆர்.பி. 2003-ல் 'பீ' என்ற படத்தில் காட்டினார். பார்க்க முடியவில்லை என்று எழுந்துபோனவர்களைக் கண்டிருக்கிறோம். ஒருவர் அன்றாடம் செய்கிற வேலையைச் சில நிமிடம் பார்க்கக்கூட முடியவில்லையே, அதுதான் சாதி. 2013-ல் சட்டம் வந்து கையால் மலம் அள்ளுவது ஒழிந்துவிட்டது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, திவ்யபாரதி தமிழ்நாடு முழுக்கச் சுற்றி 2017-ல் 'கக்கூஸ்' எடுத்தார். பல ஊர்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. அவர் யூடியூபில் வெளியிட்டார். வழக்கும் மிரட்டலும் தொடர்ந்தன. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் எம்.பழனிக்குமார் தொடர்ந்து சாக்கடை மரணங்களைப் புகைப்படமாக எடுத்துவருகிறார். அவருடைய படங்களில் நமக்கு முக்கியமாகப் படுவது பிணங்கள் அல்ல. பிணத்தைச் சுற்றி நிற்கும் குடும்பம், அந்தக் குழந்தைகளின் கண்கள், சடங்கு முடிந்த வெறும் வீடு. அவரே தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துப் புகைப்படம் கற்றுத்தருகிறார்.

இந்தக் கடைசி வேலைக்கு ஆய்வுலகில் 'போட்டோவாய்ஸ்' என்று பெயர். தொண்ணூறுகளில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, 'உங்கள் வாழ்க்கையில் எது மாறவேண்டுமோ அதை எடுங்கள்' என்று கேட்டதிலிருந்து வளர்ந்த முறை. அதன் பின்னால் பாவ்லோ பிரையரின் கல்விச் சிந்தனை இருக்கிறது. கேள்வி கேட்பவர் ஆய்வாளர், பதில் சொல்பவர் 'தகவலாளி' என்ற ஏற்பாட்டை இது கவிழ்த்துவிடுகிறது. படம் எடுத்தவரே அதைப் பற்றிப் பேசுவார், ஆய்வாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். தர்ஸ்டன் செய்ததற்கு நேர் எதிர் இதுதான்.

இன்னொரு முறையும் உண்டு, செலவே இல்லாதது. பழைய படத்தை எடுத்துக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வது. தோட்டத்தில் வேலை பார்த்து இறங்கிய ஓர் ஆச்சியிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். கூலி, வேலை நேரம் என்று நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில். சுவரில் மாட்டியிருந்த, ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படத்தைக் காட்டி, "இது எப்ப எடுத்தது ஆச்சி?" என்றோம். சிரித்தார். "அந்தச் சேல எனக்குள்ளது இல்லய்யா, பக்கத்து லைன் வீட்டுக்காரிக்குள்ளது" என்று ஆரம்பித்தார். சேலை இரவல் வாங்கியது, லீவு கேட்டதற்குக் கங்காணி சொன்ன சொல், மலையிறங்கி வந்த பஸ், படம் எடுக்கக் கொடுத்த காசு எத்தனை நாள் கூலி என்பதெல்லாம் ஒரு மணி நேரம் ஓடியது. நாங்கள் கேட்க நினைத்த கேள்விகள் அத்தனைக்கும் அதில் பதில் இருந்தது. கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டோம்.

இதையெல்லாம் சொல்லும்போது, எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் மாவட்டத்தில் சாதிக்கு நிறம் உண்டு என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். மின்கம்பத்தில், பேருந்து நிழற்குடையில், மாணவர் மணிக்கட்டுக் கயிற்றில் நிறம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. காட்சிவழி ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. கம்பத்தை எடுக்கலாம், சுவரை எடுக்கலாம், ஒரு தெருவில் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று வரைபடத்தில் குறிக்கலாம். ஆனால் பிள்ளைகளின் கையை, முகத்தை எடுக்கக் கூடாது. நீங்கள் ஆய்வேட்டை முடித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பிள்ளை மறுநாளும் அதே பள்ளிக்குப் போகவேண்டும். போராட்டத்தில் எடுக்கும் படமும் அப்படித்தான். நாம் பெருமையோடு பதிவேற்றும் காணொளியிலிருந்து முகங்களை அடையாளம் கண்டு வழக்கில் பெயர் சேர்ப்பது எவ்வளவு எளிது என்று அனுபவப்பட்ட தோழர்களைக் கேளுங்கள்.

சம்மதம் என்பது ஒரு தாளில் வாங்கும் கையெழுத்து இல்லை. கொக்கிரகுளத்தில் இறந்த அந்தக் குழந்தையின் உடல் படத்தை நாம் எத்தனை முறை பகிர்ந்திருப்போம்? கால் நூற்றாண்டாக ஒவ்வொரு ஜூலையிலும் அந்தக் குடும்பம் அதைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்பதை நாம் யோசித்தோமா? இதில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 'அந்தப் படம் இல்லையென்றால் மறந்துவிடுவார்கள்' என்று சொல்லும் தோழர்களின் கோபம் நமக்கும் புரிகிறது. எங்கள் நிலைப்பாடு வேறு. அந்தப் படம் வழக்கிலும் ஆவணத்திலும் இருக்கவேண்டும், நாள்காட்டிப் படம் போல ஆண்டுதோறும் சுற்றக் கூடாது. மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுப்புக்குத் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர். கொல்லப்படாதவர்கள் என்ற அந்தச் சொல் நம்மைத் திருப்பிவிட்டது. அன்று ஊர்வலத்தில் போய்ப் பிழைத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் குரலில் எத்தனை மணி நேரம் நம்மிடம் பதிவாகியிருக்கிறது?

மிகக் குறைவு. காலமும் குறைவாகத்தான் இருக்கிறது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கை முடித்துக்கொண்டது. ஜூனோடு வேலை நின்றது. புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கும் தோட்டம் என்பதால் நிலம் வனத்துறைக்குப் போகிறது. அரசின் தேயிலைக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்தவேண்டும் என்ற கோரிக்கையோடு போன வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின. காடு காடாக வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. காட்டை வெட்டச்சொன்ன கம்பெனியும் குத்தகை கொடுத்த ஜமீனும் லாபத்தோடு போய்விட, வெட்டிய கூலியின் பேரப்பிள்ளை வீடில்லாமல் இறங்குவது எந்த ஊர்ச் சூழலியல் என்றுதான் கேட்கிறோம்.

ஆள் இல்லாத லைன் வீடு மலை மழையில் எத்தனை நாள் தாங்கும்? ஓடு சரியும், சுவரில் மாட்டிய படங்கள் மக்கிப்போகும், கோயில் பீடமும் கல்லறையும் கொடிக்குள் மறையும். இறங்கியவர்கள் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், நெல்லை, வெளியூர் என்று சிதறிக்கொண்டிருக்கிறார்கள். 1999-ல் இருபது வயதில் ஊர்வலத்தில் நடந்தவருக்கு இன்று ஐம்பதை நெருங்குகிறது. அன்று ஐம்பது வயதில் சிறைக்குப் போன பெண்களில் பலர் இன்று இருக்கமாட்டார்கள்.

வருகிற விடுமுறையில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கிளம்புகிற மாணவர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். பெரிய கேமரா வேண்டாம், கைபேசியும் ஒரு சின்ன மைக்கும் போதும், குரல் தெளிவாக இருந்தால் காட்சி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பெட்டியில் இருக்கும் பழைய படங்களை அவர்கள் வீட்டிலேயே, வெளிச்சம் வரும் வாசலில் வைத்து நகல் எடுங்கள். படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அப்படிப் போன படங்கள் திரும்பியதில்லை. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பல நேரம் அங்கேதான் இருக்கும். படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதுங்கள். சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, சங்கச் சந்தா ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எதையும் விடாதீர்கள். கொக்கிரகுளத்துக்கு வரச் சம்மதிக்கிறவர்களை அழைத்துக்கொண்டு போய், அன்று எந்த வழியாக வந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று நடந்தபடியே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வரமாட்டேன் என்கிறவரை வற்புறுத்த வேண்டாம். எடுத்ததன் நகலைப் பென்டிரைவில் போட்டு முதலில் அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு பேசுவோம்.